இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபத்துக்கு ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். கல்லில் சக்கரமும் குதிரையும் செதுக்கி, மண்டபத்தையே தேராக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே தூண்களில் உள்ளங்கை அளவுகூட இல்லாத சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒருநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல், உட்பக்கத் தூண் ஒன்றின் முன்னால் நின்று, சின்ன நாட்டியச் சிற்பம் ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான் என் அக்கா மகன். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸைக் (எண் கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) கடைசி வரைக்கும் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினான். திரையில் பார்த்தால் சிற்பத்துக்கு முகம் இரண்டாகத் தெரிந்தது. "என்ன மாமா, இவ்வளவு காசு குடுத்து வாங்கினது. போன்ல எடுத்ததே இதைவிட நல்லா இருக்கே" என்றான். குரல் கம்மிவிட்டது.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அந்தத் தூணடி வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 1600-ல் (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனின் எண்), அந்த லென்ஸுக்குத் தேவைப்பட்ட நேரம் கால் நொடி. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் லென்ஸுக்குள் இருந்ததால் பத்துப் படத்தில் இரண்டு தேறியது. ட்ரைபாட் வைக்கலாமே என்றால், தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயில் அது; முன்அனுமதி இல்லாமல் ட்ரைபாட் நிறுத்த முடியாது. ஃபிளாஷ் போட்டால் வேறு சங்கடம். அதே கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ரிஷபகுஞ்சரம் இருக்கிறது. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் அதில் காளையின் திமிலும் யானையின் துதிக்கையும் பிரிந்து தெரியும். கேமராவின் தலையிலிருந்து நேராக அடிக்கிற ஃபிளாஷ், நிழலையெல்லாம் துடைத்துவிட்டுக் கல்லைக் காகிதம் மாதிரி தட்டையாக்கிவிடும்.

அன்றைக்கு அவனிடம் இல்லாமல் போனது இன்னொரு லென்ஸ்தான். கேமரா வாங்குவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா, லென்ஸைக் கழற்ற முடியாத சின்ன காம்பாக்ட் போதுமா? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா? வாங்குவேன் என்றால் டிஎஸ்எல்ஆர். கூடவே கிடைக்கிற லென்ஸோடு காலத்தை ஓட்டிவிடுவேன் என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல காம்பாக்ட் கேமரா அவருக்கு அதிகம் உதவும். இந்தப் பதில் பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

மதகும் ஷட்டரும்

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆற்றில் தண்ணீர் வந்தால் நம் வயலுக்கு எவ்வளவு சேரும்? மதகை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, வயல் எத்தனை மா, இந்த மூன்றும்தான் தீர்மானிக்கும். கேமராவுக்குள் வெளிச்சம் வருவதும் அப்படித்தான். லென்ஸின் திறப்பு அப்பர்ச்சர், அதுதான் மதகு. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது ஷட்டர் (நம் ஊரில் மதகுப் பலகையையே ஷட்டர் என்பார்கள், இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்). வெளிச்சம் வந்து விழும் வயல், சென்சார்.

முதலில் வயலின் அளவு. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சென்சாரை ஏபிஎஸ்-சி என்பார்கள். நிக்கானில் அது 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். கேனானில் கொஞ்சம் சின்னது, 22.3-க்கு 14.9. விலை குறைந்த காம்பாக்ட் கேமராக்களின் சென்சார் 6.17-க்கு 4.55 மி.மீ.; ஒரு துவரம்பருப்பு அளவு. பரப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு வித்தியாசம். காம்பாக்ட் ஒரு மா என்றால் டிஎஸ்எல்ஆர் அரை வேலிக்கு மேல் (ஒரு வேலி இருபது மா). மற்றதெல்லாம் சமமாக இருந்தால், காம்பாக்டில் ஐஎஸ்ஓ 200-ல் வரும் கிரெய்ன்ஸ் (படத்தில் மணல் தூவியது மாதிரி தெரியும் புள்ளிகள்) டிஎஸ்எல்ஆரில் 2400-க்குப் பக்கத்தில் போனால்தான் வரும். சாயங்காலக் கோயில், அதிகாலை முகூர்த்தம், கார்த்திகை விளக்கு, எதிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இதுவரைக்கும் டிஎஸ்எல்ஆர் கட்சிதான் ஜெயிக்கிறது.

இப்போது மதகுக்கு வருவோம். அப்பர்ச்சர் எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது என்று அர்த்தம். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 லென்ஸில் (கிட் லென்ஸ் என்பார்கள்) அகலக் கோணத்தில், அதாவது ஜூமை இழுக்காத 18-ல், எஃப் 3.5, 55-க்கு இழுத்தால் எஃப் 5.6. பெரிய வயலை வாங்கிக்கொண்டு மதகைக் கால்வாசி மட்டும் தூக்கியது மாதிரி. 2012-ல் சோனி ஆர்எக்ஸ்100 என்ற காம்பாக்ட் வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. அதன் சென்சாரை ஓர் அங்குலம் என்று சொன்னாலும் உண்மை அளவு 13.2-க்கு 8.8 மி.மீ.தான், ஏபிஎஸ்-சியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அகலக் கோணத்தில் அதன் அப்பர்ச்சர் எஃப் 1.8. எஃப் 3.5-ஐவிட ஏறக்குறைய நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வயல் மூன்றில் ஒரு பங்கு, மதகு நாலு மடங்கு. கணக்குப் போட்டால், அகலக் கோணத்தில் அந்த 240 கிராம் காம்பாக்ட், அறுநூறு கிராமுக்கு மேல் கனக்கும் டிஎஸ்எல்ஆர்-கிட் லென்ஸ் ஜோடியைவிட ஒரு துளி அதிகமாகவே வெளிச்சம் சேர்த்துவிடுகிறது. ஜூமை முழுக்க இழுத்தால் நிலைமை திரும்பிவிடும். அங்கே அந்தக் காம்பாக்டின் அப்பர்ச்சர் எஃப் 4.9 ஆகிவிடுவதால் டிஎஸ்எல்ஆர் இரண்டு மடங்குக்கு மேல் முன்னால் நிற்கும். இருந்தாலும் வீட்டு விசேஷம், கோயில் பிராகாரம், பயணம் என்று ஒரு குடும்பம் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி அகலக் கோணத்தில் எடுப்பதுதான்.

அப்படியானால் டிஎஸ்எல்ஆரை எதற்கு வாங்க வேண்டும்? மதகை முழுக்கத் தூக்கத்தான். 50 மி.மீ. எஃப் 1.8 என்றொரு லென்ஸ் இருக்கிறது. ஜூம் கிடையாது, பார்க்கவும் சின்னதாக இருக்கும். கேனானிலும் சரி, நிக்கானிலும் சரி, விலை குறைந்த லென்ஸ்களில் அதுவும் ஒன்று. எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. தாராசுரத்தில் கால் நொடி கேட்ட அதே தூண், அதே ஐஎஸ்ஓ 1600, இந்த லென்ஸில் நாற்பதில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடும். தூணில் சாய்ந்து முழங்கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் கையிலேயே எடுத்துவிடலாம். சட்டைப் பையில் போகிற எந்தக் காம்பாக்டாலும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஸ்டெபிலைசரை நம்பி கால் நொடியில் எடுத்தால் கல் மட்டும்தான் அசையாமல் நிற்கும். தீபாராதனைத் தட்டும், தாலி கட்டும் கையும், சிரிக்கிற குழந்தையும் நமக்காக நிற்காது. அதற்கு வேண்டியது குறைந்த நேரம். குறைந்த நேரத்தைப் பெரிய திறப்புதான் தரும்.

இந்த லென்ஸ் விஷயத்தில் இரண்டு இடத்தில் ஏமாந்துவிடக்கூடாது. ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மி.மீ. என்பது பழைய ஃபிலிம் கேமராவின் 75, 80 மி.மீ.க்குச் சமம். ஆள் படத்துக்கு அருமையாக இருக்கும். அக்கிரகாரத்து ரேழியில் நின்றுகொண்டு ஆறு பேரை அடக்க முடியாது. வீட்டு விசேஷம்தான் அதிகம் என்றால் நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8, கேனானில் 24 மி.மீ. எஃப் 2.8 பாருங்கள். இரண்டாவது, நிக்கானின் ஆரம்பநிலை பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா) ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. 2006-ல் வந்த டி40-லிருந்து 2018-ல் வந்த டி3500 வரைக்கும் அப்படித்தான். பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸை விலை மலிவு என்று வாங்கிவிட்டால், ஒவ்வொரு படத்துக்கும் கையால் வளையத்தைத் திருக வேண்டியதுதான். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்க வேண்டும்; ஏஎஃப்-பி என்றால் புதிய பாடிகளில் மட்டும்தான் வேலை செய்யும்.

மெகாபிக்சல் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 24 மெகாபிக்சல் படத்தை 20-க்கு 13 அங்குலம் வரை துல்லியம் குறையாமல் அச்சிடலாம். வீட்டு ஆல்பத்துக்கு அதுவே மிச்சம். 20 மெகாபிக்சலும் போதும். இந்த எண்ணை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

புகையானும் பூநாரையும்

காம்பாக்ட் கேமரா நேரடியாக ஜெயிக்கும் இடத்தை நான் பார்த்தது ஸ்டூடியோவில் இல்லை, வயலில். கொரடாச்சேரிப் பக்கம் என் சித்தப்பா சாகுபடி செய்கிறார். சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கும்போது நடு வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து, புகைந்து போனது மாதிரி தெரிந்தால் அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். புகையான். பூச்சி மூன்று, நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கும்பலாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே நின்று எடுத்தால் ஒன்றும் தெரியாது. சேற்றில் குனிந்து, தூரை ஒரு கையால் விலக்கி, கேமராவைத் தண்ணீரை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். ஒரு கைதான் மிச்சம் இருக்கும்.

சித்தப்பா வைத்திருப்பது தண்ணீர் புகாத சின்ன காம்பாக்ட். இந்த வகையில் 2019-ல் வந்த ஒலிம்பஸ் டிஜி-6 என்ற கேமரா 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளையும் ஃபோக்கஸ் செய்யும். டிஎஸ்எல்ஆரின் கிட் லென்ஸுக்குச் சென்சாரிலிருந்து குறைந்தபட்சம் 25 சென்டிமீட்டர் வேண்டும், அங்கிருந்து பார்த்தால் புகையான் ஒரு புள்ளிதான். இன்னொரு லாபமும் இருக்கிறது. சென்சார் சின்னதாக இருந்தால் முன்னும் பின்னும் அதிக ஆழம் தெளிவாக விழும். பின்புலத்தைக் கலங்கலாக்கி அழகு பார்க்க டிஎஸ்எல்ஆர் வாங்குகிறோம். பூச்சி விஷயத்தில் அந்தக் கலங்கலே எதிரி, தலை தெளிவாக இருந்தால் வால் இருக்காது. சித்தப்பா எடுத்த படத்தில் பூச்சியின் காலும் தண்டின் நரம்பும் ஒன்றாகத் தெரிந்தன. வேளாண்மை உதவி அலுவலருக்கு அனுப்பினார், இன்ன பூச்சி என்று பதில் வந்தது, மருந்து மாறாமல் அடித்தார். கேமரா சேற்றில் விழுந்தால் பம்புசெட் தொட்டியில் அலசிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். எந்த டிஎஸ்எல்ஆரும் அவருக்கு இந்த வேலையைச் செய்யாது.

பறவை விஷயம் இவ்வளவு நேராக இல்லை. வடுவூர் ஏரிக்கோ கோடியக்கரைக்கோ போகிறவர்களுக்கு முதல் பிரச்சினை தூரம். கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைக் கூட்டம் ஒரு வெளிர் ரோஜாக் கோடாகத்தான் தெரியும். கிட்டே போகவும் முடியாது, போகவும் கூடாது. இதற்கென்று வந்தவைதான் லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமராக்கள். 2015-ல் வந்த நிக்கான் பி900 பழைய ஃபிலிம் கணக்கில் 2000 மி.மீ. வரை இழுக்கும். ஆரம்பநிலை கேனான் டிஎஸ்எல்ஆரில் 55-250 லென்ஸ் மாட்டினால் அதே கணக்கில் 400 மி.மீ.தான். ஐந்து மடங்கு தூரத்தை டிஎஸ்எல்ஆரில் எட்டிப் பிடிக்கிற லென்ஸ், பெரும்பாலானவர்களுக்குக் கனவில்தான். பி900-க்குள் இருப்பதும் அந்தத் துவரம்பருப்பு சென்சார்தான் என்பதால் காலை வெயிலில் மட்டும் நன்றாக எடுக்கும். பத்து மணிக்கு மேல் உப்பளத்து மண் சூடேறிக் கானல் ஆடத் தொடங்கிவிட்டால், எவ்வளவு ஜூம் இருந்தும் பறவை தண்ணீருக்குள் இருப்பது மாதிரி நெளியும். எடை 900 கிராம் பக்கம், ஆகவே சட்டைப் பைக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

நின்றுகொண்டிருக்கும் பறவை வரைக்கும்தான் இந்தக் கதை. உழவு டிராக்டரின் பின்னால் கொக்குகள் எழுந்து எழுந்து உட்காருமே, அதை எடுத்துப் பாருங்கள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேலே திருப்பி நேராக நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அதில் கொஞ்சத்தைத் தனி ஃபோக்கஸ் சென்சாருக்கும் அனுப்பி, பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் கணித்துவிடுகிறது. சாதாரண காம்பாக்ட் லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டி, எங்கே தெளிவாகிறது என்று தேடும். அந்தத் தேடலுக்குள் கொக்கு அடுத்த வயலுக்குப் போய்விடும். ஓடுகிற, பறக்கிற, குதிக்கிற எதையும் எடுக்க ஆசை இருந்தால் டிஎஸ்எல்ஆருக்கே போங்கள், கூட ஒரு 55-250-ம் வாங்குங்கள். மறுபடியும் இரண்டாவது லென்ஸ்.

திருவாரூர் ஆழித்தேர் மாதிரிக் கூட்டத்தில் வேறு மாதிரிக் கஷ்டம். 96 அடித் தேர் வீதி திரும்பும்போது தலைக்கு மேல் கையைத் தூக்கித்தான் எடுக்க முடியும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களான நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டிலும் திரை அசையாது, பின்பக்கத்தோடு ஒட்டியிருக்கும். தூக்கிப் பிடித்தால் என்ன விழுகிறது என்று பார்க்க வழியில்லை. திரையைக் கீழ்நோக்கி மடக்கக்கூடிய காம்பாக்ட் இருந்தால் அந்த இடத்தில் கை தானாக அதற்குத்தான் போகும். கனமான பையைத் தோளில் போட்டுக்கொண்டு வடம் பிடிக்கவும் முடியாது.

பேட்டரி என்று பார்த்தால் பழைய கண்ணாடி முறைக்குப் பெரிய பலம் உண்டு. வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்) வழியாகப் பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டாம். அதனால் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது தர அளவீடு. ஆர்எக்ஸ்100-க்கு 330, பி900-க்கு 360. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சாய்ந்த தென்னையையும் இடிந்த வீட்டையும் நிவாரணத்துக்குப் படம் எடுத்து வைக்க வேண்டிய நாட்கள் அவை. சார்ஜ் போட இடம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

ஐப்பசி ஈரம்

கேமராக் கடையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கேமராவைக் கெடுப்பது தண்ணீர் இல்லை, ஈரம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பிடித்துக்கொண்டால் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவையே நமத்துப்போகும். காற்றில் ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்கு மேலேயே வாரக்கணக்கில் நின்றால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். ஃபங்கஸ் என்று சொன்னால்தான் கடைக்காரருக்குப் புரியும். எனக்கே இது நடந்தது. கூடவே கொடுத்த தோல் உறையில் வைத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். தை பிறந்து எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வெள்ளைக் கிளைகள். அந்த லென்ஸில் எடுத்த என் தங்கை கல்யாணப் படங்கள்தான் மிச்சம், லென்ஸ் போய்விட்டது.

தோல் உறையும் துணிப் பையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, இவ்வளவு போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துவிட்டு மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். இதைவிட நல்ல மருந்து, கேமராவை வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

இரண்டு வகை கேமராவும் இங்கே வேறு வேறு விதமாகக் கெடும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் கெட்டால் லென்ஸை மட்டும் மாற்றலாம், சென்சாரில் தூசி விழுந்தால் துடைக்கலாம். ஆனால் லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தூசி போக வழி திறக்கிறது. ஆடிக் காற்றில், நெல் தூற்றும் களத்தில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள். காம்பாக்டைத் திறக்கவே முடியாது என்பது பாதுகாப்பு மாதிரி தெரியும். ஆனால் ஜூம் குழல் வெளியே வந்து உள்ளே போகும்போது காற்றோடு தூசியையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் புகாத வகையில் குழல் வெளியே நீளாது, அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில் ஒரு துகள் சென்சாரில் உட்கார்ந்துவிட்டால் முழுக்கப் பிரித்தால்தான் எடுக்க முடியும், அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

போன் இருக்கும்போது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஜப்பான் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிபாவின் கணக்குப்படி 2010-ல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. இந்தச் சரிவில் பெரும்பகுதி காம்பாக்ட்தான். நியாயமும் அதுதான். நடுத்தர விலை போன்கள் பலவற்றில் இருக்கும் சென்சாரே அந்தத் துவரம்பருப்பைவிடப் பெரிது. லென்ஸ் எஃப் 1.8, ஒரு படத்துக்குப் பதில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கிரெய்ன்ஸைக் கழித்துவிடுகிறது. தாராசுரத்தில் என் அக்கா மகனின் போன் ஜெயித்தது இப்படித்தான். ஆகவே பெரிய ஜூமும் இல்லாமல், தண்ணீர் தாங்கவும் செய்யாமல், ஓர் அங்குல சென்சாரும் இல்லாமல் ஒரு காம்பாக்டை இன்றைக்கு யாராவது விற்க வந்தால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வீடியோதான் முக்கியம் என்றாலும் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் வேண்டாம். வீடியோவுக்கு அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், பெரும்பாலானவற்றில் ஃபோக்கஸ் வேகம் அதோடு போய்விடும்.

நிக்கான் 2022-ல் டி3500-ஐ நிறுத்திவிட்டது. கேனானும் நிக்கானும் இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் முழுமூச்சாகப் போய்விட்டன. பணம் தாராளமாக இருந்தால் அங்கேயே தொடங்கலாம். ஆனால் மாணவர்களுக்கும், ஊரில் சின்னதாகப் படம் எடுத்துச் சம்பாதிக்க நினைக்கிறவர்களுக்கும் இந்த மாற்றமே நல்ல வாய்ப்பு. ஆள்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது நல்ல டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் வந்து குவிகின்றன. கேனான் இஎஃப் லென்ஸை நாளைக்கு அதே நிறுவனத்தின் மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம், போட்ட காசு வீணாகாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை உண்டு. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி3500 வகைக்கு ஒரு லட்சம் தடவை தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். கேனான் 3000டியில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக், வ்யூஃபைண்டரில் பார்வைக்கு ஏற்ற மாதிரி திருகும் வசதியும் இல்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்கவும். 1500டி, 3000டி இரண்டிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு ஊசி கிடையாது. மற்ற நிறுவனத்தின் சாதாரண ஃபிளாஷும், தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் ட்ரிக்கரும் அதில் வேலை செய்யாது. கல்யாண வேலைக்குப் போக நினைக்கும் பையன்கள் இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறார்கள்.

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனேன், 50 மி.மீ. லென்ஸுக்காக. பழையதில் இரண்டு இருந்தன. முதலாவது புதுசு மாதிரி பளபளத்தது, விலையும் குறைவு. அவன் கையில் எடுத்துவிட்டான். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். ஓரத்தில், இரண்டாவது கண்ணாடியில், மயிரிழை மாதிரி மூன்று வெள்ளைக் கிளைகள். கீழே வைத்துவிட்டு, வெளியே கீறல் விழுந்திருந்த இன்னொன்றை எடுத்து டார்ச் அடித்தான். கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, வெளிச்சம் போவதற்குள் தாராசுரம் போய்விடலாம் என்று பஸ் ஏறினோம்.